வீட்டோடு அறை சேர்க்குமுன் நிலத்தைப் பார்ப்பதில் நேரும் தவறுகள்

இருபது முப்பது ஆண்டுகளாக விரிசல் விடாமல் நிற்கும் வீட்டின் புறவாசலில் ஓர் அறையோ அடுக்களையோ சேர்த்துக் கட்ட நினைப்பவர்கள், பழைய வீடு நன்றாக நிற்பதையே நிலத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். மற்றத் தவறுகளில் பாதி இந்த நம்பிக்கையிலிருந்தே பிறக்கின்றன. பழைய வீட்டின் அடியிலுள்ள மண் அந்தச் சுமையில் பல ஆண்டுகளாக அமுங்கி இறுகியிருக்கும். கூரையும் தளமும் மூடியிருப்பதால் அதன் ஈரமும் பெரிதாக மாறாது. புறவாசலின் கதை வேறு. வீடு கட்டியபோது வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி எடுத்த மண்ணும், உடைந்த ஓடும், சுண்ணாம்புக் காரையும் அங்கேதான் கொட்டப்பட்டிருக்கும். தூர்த்த கிணறோ கைவிட்ட கழிவுநீர்க் குழியோகூட இருக்கலாம். குடும்பத்தின் மூத்தவர்களிடம் இதைக் கேட்டறிவது, எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் செய்ய வேண்டிய, செலவில்லாத வேலை.

திருநெல்வேலிச் சீமையில் ஓர் ஊரின் அனுபவம் அடுத்த ஊருக்குப் பொருந்துவதில்லை. தாமிரபரணிப் பாசனத்தில் வண்டலும் களியும் கலந்த வயல் மண், கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கரிசல், திசையன்விளை, சாத்தான்குளம் வட்டாரத்தில் சிவந்த தேரி மணல், மேற்கே மலையடிவாரத்தில் செம்மண்ணும் சரளும் உருண்டு வந்த பாறைகளும் என்று நிலம் மாறிக்கொண்டே போகிறது. ஆகவே பாளையங்கோட்டையில் நாலடி ஆழம் போதுமென்று கண்ட கொத்தனார், அதே ஆழத்தை எட்டயபுரத்திலும் சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது.

அடுத்த தவறு, நிலத்தைக் கோடையில் மட்டும் பார்ப்பது. சித்திரை, வைகாசியில் எந்த மண்ணும் கல்லைப் போலத்தான் இருக்கும். தோண்டிய வானத்தின் பக்கங்களும் சரியாமல் செங்குத்தாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து குளங்கள் பெருகி, வயல்களில் தண்ணீர் கட்டிய பிறகு, பாசனப் பகுதிகளில் நிலத்தடி நீர் மேலே ஏறிவரும். அதே மண் தாங்கும் திறனில் பெரும்பகுதியை இழக்கும். மார்கழியில் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் எத்தனை அடியில் நிற்கிறது, குளம் நிரம்பினால் மறுகால் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்ற இரண்டையும் அறியாமல் அஸ்திவார ஆழத்தை முடிவு செய்வது பாதி விவரத்தோடு முடிவு செய்வதாகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அவ்வளவு மழையைக் கணக்கிட்டு யாரும் ஓர் அறை கட்டப்போவதில்லை என்றாலும், அன்று எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நேரம் நின்றது என்பது மனையின் தாழ்வைப் பற்றி நல்ல தகவல் தரும்.

கரிசலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அது ஈரத்தில் வீங்கி, காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும் மண். ஒற்றைத் தள அறைதானே, சுமை குறைவு, மேலோட்டமான அஸ்திவாரம் போதும் என்று எண்ணுவது இங்கே நேர்மாறாக முடியும். கட்டடம் இலேசாக இருந்தால்தான் வீங்கும் மண் அதை எளிதாகத் தூக்கும். நம் நாட்டுக் கரிசல் நிலங்களில் பருவகால ஈர மாற்றம் ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழம் வரை எட்டுவதாகப் பொறியாளர்கள் கணக்கில் கொள்கிறார்கள். அண்டர் ரீம்டு பைல் எனப்படும், அடிப்பகுதி அகன்ற கான்கிரீட் தூண்களை அந்த ஆழத்துக்கு இறக்குவது இதனால்தான். வானத்தில் ஆற்று மணலை நிரப்பினால் போதும் என்பது பரவலான இன்னொரு நம்பிக்கை. மணல் தண்ணீரைத் தடுப்பதில்லை. சுற்றிலும் களி இருக்க, மழைநீரும் குளியலறைத் தண்ணீரும் அதில் இறங்கித் தேங்கி, கீழேயுள்ள கரிசலை மேலும் ஊறவைக்கும். மண் எவ்வளவு வீங்கும் என்பதை அறிய எளிய ஆய்வகச் சோதனை இருக்கிறது: சலித்து உலர்த்திய மண்ணில் பத்துப் பத்து கிராமை இரண்டு அளவுக் குழாய்களில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி, ஒரு நாள் கழித்துக் கனஅளவை ஒப்பிடுவார்கள். மண்ணெண்ணெயில் களி வீங்காது. ஆகவே வேறுபாடு முழுவதும் தண்ணீரால் வந்த வீக்கம்.

சோதனைக் குழியை ஒரே இடத்தில், அதுவும் அஸ்திவாரம் அமரும் மட்டத்தோடு நிறுத்திவிடுவதும் தவறு. அறை வரும் இடத்தின் எதிரெதிர் மூலைகளிலாவது தோண்ட வேண்டும். அஸ்திவார அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஆழம் அதற்குக் கீழேயும் மண்ணைப் பார்க்க வேண்டும். கொட்டிய மண்ணைத் தாண்டி இயற்கைத் தரையை எட்டாத குழி எதையும் சொல்லாது.

கடையம், பாபநாசம், செங்கோட்டை போன்ற மலையடிவார ஊர்களில் சரிவும் சேர்ந்துகொள்கிறது. கண்ணளவை நம்ப வேண்டாம். தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் கொத்தனாரின் டியூப் லெவலே போதுமானது. இருபது அடி நீளத்தில் இரண்டடி இறக்கம் என்றால் பத்து சதவீதச் சரிவு. மேட்டை வெட்டி, அந்த மண்ணையே பள்ளத்தில் போட்டுச் சமப்படுத்தி அறையை எழுப்பினால், ஒரு பாதி இறுகிய தரையிலும் மறு பாதி தளர்ந்த மண்ணிலும் அமர்ந்து, இரண்டும் சேரும் கோட்டிலேயே விரிசல் தோன்றும். சரிவின் அடிவாரத்தை வெட்டுவது அதைவிட ஆபத்தானது. மேலேயிருக்கும் மண்ணுக்கு அதுவே முட்டு. தடுப்புச்சுவர் கட்டுகிறவர்கள் நீர் கசிந்து வெளியேறத் துளை வைக்காவிட்டால், சுவர் மண்ணோடு தண்ணீரின் அழுத்தத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டிவரும். புதிய அறை மேட்டிலிருந்து வரும் மழைநீரை மறித்து நிற்பதானால், மேற்பக்கத்தில் வடிகாலை முதலில் வெட்டிவிட வேண்டும்.

கடைசியாக, பழைய சுவரை ஒட்டிய இடம். பழைய அஸ்திவாரத்தின் ஆழத்தை, பக்கத்தில் சிறிய குழி தோண்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல், ஜேசிபியை விட்டு அதைவிட ஆழமாக ஒரே மூச்சில் தோண்டினால் பழைய சுவரின் பிடிப்பே போய்விடும். ஆழமாகப் போகத்தான் வேண்டுமென்றால் பொறியாளர் பார்வையில் சிறு சிறு துண்டுகளாகத் தோண்டி, ஒன்றைக் கட்டி முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். புதுச் சுவரைப் பழையதோடு பல் விட்டுப் பிணைப்பதையும் தவிர்க்கலாம்: புதிய பகுதி இனிமேல்தான் அமரப்போகிறது, பழையது அமர்ந்து முடிந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு, நெகிழும் பொருளால் அடைத்து, மேலே மழைநீர் இறங்காதபடி மூடிவிட்டால் புதிய பகுதி தன் போக்கில் அமரும்.