கூறைப்புடவை எடுக்கச் சென்னைக்கு: இரண்டு நாள் பயணத்தைத் திட்டமிடுதல்

வெளியூர்க் குடும்பங்கள் பலவும் சனிக்கிழமை இரவு ரயிலேறி, ஞாயிறு முழுவதும் தியாகராய நகர் உஸ்மான் சாலை நெரிசலில் நின்று, கடைசியில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகின்றன. திருமணத் துணி எடுக்கும் பயணத்தை அப்படி வீணாக்க வேண்டியதில்லை. புதன், வியாழன் என இரண்டு வேலை நாள்களை ஒதுக்குங்கள். செவ்வாயன்று முகூர்த்தத் துணி எடுக்க விரும்பாத வீடுகளுக்கும் இது பொருந்தும். புதனன்று இராகுகாலம் பகல் 12 மணிக்கும் வியாழனன்று 1.30 மணிக்கும்தான் தொடங்குகிறது என்பதால், இரு நாள்களிலும் காலைப்பொழுது முழுவதும் உங்களுக்குக் கிடைக்கிறது. ஆடித் தள்ளுபடியில் வர நினைப்பவர்கள் வைத்துக் கொடுக்கும் துணிகளை மட்டும் அப்போது வாங்கிவிட்டுக் கூறையை ஆவணிக்கு விட்டுவைப்பது நல்லது. அந்தக் கூட்டத்தில் பட்டுப்புடவையை விரித்துப் பார்க்கக்கூட இடம் இருக்காது.

புறப்படுவதற்கு முன் ஒரு நோட்டில் யாருக்கு, என்ன உறவு, என்ன துணி, அதிகபட்சம் எவ்வளவு ரூபாய் என்று எழுதிக்கொள்ளுங்கள். கூறைக்கான பணத்தை மற்றத் துணிகளின் பணத்தோடு சேர்க்காமல் தனியே வையுங்கள். மணப்பெண், அவள் தாய், மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர், கணக்கும் பையும் பார்த்துக்கொள்ள ஒருவர் என நான்கு பேர் போதும். அத்தை, சித்தி, பெரியம்மா என்று பத்துப் பேர் சேர்ந்தால், அன்பு மிகுதியால்தான் என்றாலும், பெண்ணின் விருப்பம் கேட்கப்படாமலே போய்விடுகிறது. அளவுக்குச் சரியாக இருக்கும் பழைய ரவிக்கை ஒன்றையும், ஏற்கெனவே எடுத்த துணிகளுக்குப் பொருத்தம் பார்க்க அவற்றிலிருந்து சிறு துண்டுகளையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

தென்மாவட்டங்களிலிருந்து ரயிலில் வருவோர் எழும்பூர் வரை செல்லாமல் தாம்பரத்தில் இறங்கி, கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் மாம்பலம் வந்துவிடலாம். அங்கிருந்து தியாகராய நகர் பேருந்து நிலையம் வரை 2023இல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை இருப்பதால், பெட்டிகளோடு ரங்கநாதன் தெருவுக்குள் நுழைய வேண்டிய தேவை இல்லை. அறை எடுத்து, குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகே கடைக்குப் புறப்படுங்கள்.

முதல் நாள் காலையில், கடை திறந்த சற்று நேரத்திலேயே, முதலில் எடுக்க வேண்டியது கூறைப்புடவை. இந்த வரிசையில் நான் உறுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. என் அக்காவின் திருமணத்துக்கு நாள் முழுவதும் சில்லறைத் துணிகளை வாங்கிவிட்டு, இரவு எட்டு மணிக்குக் களைத்துப்போய் ஒரு கடையில் பட்டு எடுத்தோம். மஞ்சள் விளக்கொளியில் நல்ல அரக்காகத் தெரிந்த புடவை, மறுநாள் எங்கள் வீட்டு முற்றத்தில் விரித்தபோது காப்பிக்கொட்டை நிறத்தில் கிடந்தது. வாங்கிய துணிக்குப் பணம் திரும்பக் கிடைக்காது என்று ரசீதிலேயே அச்சிட்டிருந்தார்கள். அக்கா ஒன்றும் சொல்லாமல் அதையே உடுத்திக்கொண்டாள். அந்த மௌனத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஆகவே, பிடித்த இரண்டு புடவைகளை வாசல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். பொதுவாகக் கடை ஊழியர் ஒருவரே எடுத்து வந்து காட்டுவார். பெண்ணின் தோளில் போட்டு, பத்தடி தள்ளி நின்று பாருங்கள், ஏனென்றால் மணமேடையை எல்லோரும் அந்தத் தொலைவிலிருந்துதான் பார்க்கப் போகிறார்கள்.

பனகல் பூங்காவைச் சுற்றி 1928 முதல் பட்டு விற்கும் நல்லி உட்படப் பெரிய கடைகள் பலவும் நடக்கும் தொலைவில் இருக்கின்றன. இரண்டு கடைகளுக்கு மேல் ஏற வேண்டாம். மூன்றாவது கடையில் கண் குழம்பிவிடும். காஞ்சிப் பட்டு என்று சொன்னால் புடவையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் (ஊடு நூலை இழுத்துச் செல்லும் தறிக் கருவி) கோத்து நெய்த கோர்வைப் புடவையில், இரண்டும் சேரும் இடம் பின்புறத்தில் தெளிவாகத் தெரியும். முந்தானை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜரிகை இழை ஒன்றை நகத்தால் மெல்லப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பட்டு நூலில் வெள்ளி இழை சுற்றி, தங்க முலாம் பூசிய அசல் ஜரிகையில் உள்நூல் சிவப்பாக இருக்கும். சில்க் மார்க் சீட்டு, பட்டு தூய்மையானது என்பதற்கு மட்டுமே சான்று. ஜரிகை அசலா, நெய்தது கைத்தறியா என்பதை அது சொல்லாது. கைத்தறிக்குத் தனி முத்திரை உண்டு. எந்த வகை ஜரிகை என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

மதிய உணவுக்குப் பிறகு அறைக்குத் திரும்பி ஒரு மணி நேரம் படுத்து எழுங்கள். மாலையில் பாண்டி பஜார் பக்கம் ஆயத்த ஆடைகளையும், பொருத்த ரவிக்கைத் துணி, உள்பாவாடை, ஃபால்ஸ், லைனிங் ஆகியவற்றையும் முடித்துவிடலாம். 2019இல் நடைபாதை அகலப்படுத்தப்பட்ட பிறகு முதியவர்களும் அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து நடக்க முடிகிறது.

உறவினர்களுக்கு மொத்தமாகத் துணி தேவைப்பட்டால், இரண்டாம் நாள் காலை மாம்பலத்திலிருந்து மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் சென்று, பாரிமுனை கோடவுன் தெருவில் மொத்த வியாபாரக் கடைகளைப் பார்க்கலாம். அப்படித் தேவை இல்லாதவர்கள் அந்த நெரிசலுக்குள் போகவே வேண்டாம். எழும்பூரில் இரவு ரயில் ஏறுபவர்களுக்கு, பாந்தியன் சாலையில் உள்ள கோ-ஆப்டெக்ஸ் வழியிலேயே இருக்கிறது. 1935இல் தொடங்கிய அந்தக் கூட்டுறவு நிறுவனத்தில் நெசவாளர் சங்கங்களின் பருத்திச் சேலைகளும் வேட்டிகளும் கிடைக்கும்; பெரியவர்களுக்கு வைத்துக் கொடுக்க அவற்றைவிடப் பொருத்தமானவை எனக்குத் தெரிந்து இல்லை.

ஊர் திரும்பியதும் பட்டைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே தையற்காரரிடம் கொடுங்கள். நனைக்காமல் தைத்தால் பிறகு சுருங்கி ரவிக்கையை இழுத்துவிடும். முகூர்த்த நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே ரவிக்கையைப் போட்டுப் பார்த்துவிட்டால், கையோ கழுத்தோ பிடித்தால் பிரித்துத் தைக்க நேரம் இருக்கும்.