அதிரசப் பாட்டி, சீடை மாமா: வீட்டு மனிதர்களைப் பலகாரமாக்கிக் கதை எழுதுவது எப்படி?

குழந்தைக் கதையில் இனிப்பு என்றால் அன்பு, காரம் என்றால் கோபம் என்று ருசியை மட்டும் வைத்துப் பொருத்தினால் எல்லாப் பாட்டியும் ஒரே பாட்டி ஆகிவிடுவார். பலகாரம் எப்படி உருவாகிறது, எண்ணெயில் விழுந்ததும் என்ன செய்கிறது என்று பாருங்கள், ஆள் அங்கேதான் கிடைப்பார்.

முதலில் ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு அவர் வழக்கமாகச் செய்வதை எழுதுங்கள். "பாசமானவர்" போதாது. "யார் கத்தினாலும் மறுநாள்தான் பதில் சொல்வார்" என்பது போல வேண்டும்.

அப்புறம் அதே குணமுள்ள பண்டத்தைத் தேடுங்கள். இந்தப் பாட்டிக்கு அதிரசம் பொருந்தும், ஏனென்றால் ஈர அரிசியை இடித்து, வெல்லப்பாகை உருட்டுப் பதத்தில் இறக்கிக் கிளறி, மாவை ஓரிரு நாள் மூடிவைத்துப் பொறுத்திருக்க வேண்டும். பதம் வருமுன் அவசரப்பட்டால் எண்ணெயில் பிரிந்துபோகும். சட்டென்று கோபப்படும் மாமாவுக்குச் சீடை. அழுத்தி உருட்டினால் உள்ளே ஈரம் அடைபட்டு டப்பென்று வெடிக்கும். அப்படியென்றால் மாமாவும் உள்ளே எதையோ அடக்கிவைத்திருக்கிறார், கதையின் முடிச்சே இதுதான்!

தாத்தாவுக்கு நெல்லிக்காய் வேண்டாம், பழமொழியே அதைச் சொல்லிவிட்டது. மோர் மிளகாய் நல்லது: ராத்திரி உப்பு மோரில் ஊறி, பகல் வெயிலில் சுருங்கி, கடைசியில் தயிர்சாதத்துக்குத் துணையாக வந்து உட்காரும்.

உருவத்தை வைத்து மட்டும் பொருத்தவே பொருத்தாதீர்கள். குண்டான அத்தையைப் போண்டா என்று எழுதினால், குழந்தை அந்தப் பெயரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு குழந்தையைக் கூப்பிடும்.

"சாப்பிட்டுவிட்டால் பாட்டி என்ன ஆவார்?" என்று குழந்தை கட்டாயம் கேட்கும், அதனால் எழுதுமுன்பே முடிவு செய்யுங்கள். பலகாரங்களே பேசும் கதை என்றால் யாரும் யாரையும் தின்னாத உலகமாக வையுங்கள். பாட்டி இறந்துபோயிருந்தால் அவரை மனுஷியாகவே விட்டு, அதிரசத்தை அவருடைய கைப்பக்குவமாக மட்டும் காட்டுவது நல்லது, தின்று தீர்ந்தாலும் பேத்தி மறுபடி சுடலாம் இல்லையா.

இனி எழுதலாம். குணத்தை விளக்காமல் நடப்பதை மட்டும் சொல்லுங்கள்:

"எண்ணெய் காயக் காயச் சீடை மாமா முணுமுணுத்தார். மூடிய தூக்குக்குள்ளிருந்து அதிரசப் பாட்டி கேட்டார்: 'என்னடா ஆச்சு? மெதுவா சொல்லு, எனக்கு நாளைக்கு வரைக்கும் நேரம் இருக்கு.'"

இதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். மாமாவுக்கு என்ன ஆச்சு என்று குழந்தை கேட்டால் அதையே அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். சீடை ஏன் வெடிக்கும் என்று கேட்டால், கதையை நிறுத்திவிட்டு முதலில் சமையலறையில் காட்டுங்கள், கொஞ்சம் தள்ளி நிற்கவைத்து.