செட்டிநாட்டு வீட்டில் புரொஜெக்டர்: வாங்கும்போதும் மாட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரொஜெக்டர் வாங்குவோர் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், பிறகு பெட்டியில் அச்சிட்ட லூமென்ஸ் எண்ணை, அதாவது ஒளியின் அளவைப் பார்க்கிறார்கள். அளவு டேப்பைக் கையில் எடுப்பது பெட்டியைப் பிரித்த பிறகுதான். முதலில் செய்ய வேண்டியது கடைசிக்குப் போய்விடுகிறது. டி.வி.யை எந்தச் சுவரில் மாட்டினாலும் படம் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் இருக்கும். புரொஜெக்டர் அப்படி இல்லை. கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரியும், எழுத்து எவ்வளவு கூர்மையாக இருக்கும், வசனம் புரியுமா என்பதில் பாதியை அறைதான் முடிவு செய்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் இது இன்னும் கூடுதல். உயரமான கூரை, பளபளக்கும் சுவர், வழுவழுப்பான தரை, நடுவே திறந்த வானம் எல்லாம் கண்ணுக்கு அழகு. புரொஜெக்டருக்கு ஒவ்வொன்றும் ஒரு சிக்கல்.

வளவில் படம் போடுவது

வீட்டிலேயே பெரிய இடம் நடு முற்றமும் அதைச் சுற்றிய தூண் தாழ்வாரமும் சேர்ந்த வளவுதான், எல்லாரும் உட்காரலாம் என்று அங்கேயே திரையைக் கட்டுகிறார்கள். கறுப்பு நிறத்தை எந்தப் புரொஜெக்டராலும் வீச முடியாது. ஒளி வீசாமல் விடும் இடம்தான் கறுப்பு. ஆகவே புரொஜெக்டரை அணைத்த நிலையில் திரைத்துணி எந்த நிறத்தில் தெரிகிறதோ, அதைவிடக் கறுப்பு படத்தில் வரவே வராது. முற்றத்து வெளிச்சம் விழும் திரையில் பகலில் 3,000 லூமென்ஸ் கருவியும் சாம்பல் பூத்த படத்தைத்தான் காட்டும். பொழுது நன்றாகச் சாய்ந்த பிறகு வளவு பரவாயில்லை, தூணில் மாட்டிய டியூப் லைட்டை அணைக்க எல்லாரும் சம்மதித்தால். ஒளி போகும் பாதையில் தூண் குறுக்கிடாமல் இருக்கிறதா என்று முதலில் ஒரு நூலைக் கட்டிப் பாருங்கள். லென்ஸ் வைக்கும் இடத்திலிருந்து திரையின் இரு ஓரங்களுக்கும் நூல் தூணைத் தொடாமல் போக வேண்டும்.

நிரந்தரமாக அமைப்பதானால் வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டில் ஓர் அறையையோ மேல்மாடி அறையையோ தேர்ந்தெடுங்கள். கதவு, சன்னலுக்கு மேலே உள்ள வண்ணக் கண்ணாடிகளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதன் வழியே வரும் பச்சை, சிவப்பு ஒளி திரையில் கறையாகவே தெரியும். கண்ணாடிக்கு வண்ணம் பூசாதீர்கள், எதையும் ஒட்டாதீர்கள். உள்பக்கம் ஒரு கம்பி போட்டு, ஒளி புகாத தடித்த திரைச்சீலையைக் கண்ணாடியின் அளவைவிட நான்கு பக்கமும் ஆறு அங்குலம் கூடுதலாகத் தொங்கவிட்டால் போதும்.

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கப்படுவது. அதனால்தான் அந்தப் பளபளப்பு. திரையிலிருந்து தெறிக்கும் ஒளி அதில் பட்டுச் சுவருக்குப் போய், சுவரிலிருந்து மறுபடி திரைக்கே வரும். இரவுக் காட்சிகள் வெளுத்துப் போவதற்கு இதுவும் காரணம். திரைக்கு முன்னால் ஆறேழு அடிக்கு அடர் நிற ஜமுக்காளம் ஒன்றை விரித்துப் பாருங்கள். இத்தனை குறைந்த செலவில் இத்தனை மாற்றம் தருவது வேறு எதுவும் இல்லை.

சுவரையே திரையாக்குவது

சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்த சுவர் பளிங்கு மாதிரி இருக்கிறதே, தனியாகத் திரை எதற்கு என்று தோன்றும். அந்த மெருகுதான் பிரச்சினை. ஒளி எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறாமல் கண்ணாடியில் பட்டதுபோல் ஒரே திசையில் திரும்பும். படத்தின் நடுவே வெள்ளைப் பொட்டு ஒன்று தெரியும். நீங்கள் நகர்ந்தால் அதுவும் நகரும். அந்தச் சுவருக்கு மேலே மேட் பெயிண்ட் அடிப்பதைப்போல் ஒரு தவறு இல்லவே இல்லை. அந்தப் பூச்சு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்று குறைவு. போன மெருகைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். கெயின் (திரை ஒளியைத் திருப்பித் தரும் அளவு) 1.0 உள்ள மேட் வெள்ளைத் திரையை ஸ்டாண்டில் நிறுத்தினாலே போதும்.

திரையின் உயரத்தை உட்காரும் விதம்தான் தீர்மானிக்க வேண்டும். பாயில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குத் திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டு, இரண்டரை அடியில் இருக்கட்டும். சோபாவுக்கு மூன்றடி வரை போகலாம். அதற்கு மேல் ஏற்றினால் அரை மணி நேரத்தில் கழுத்து வலிக்கும்.

தூரத்தை அளக்காமல் வாங்குவது

ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் ‘த்ரோ ரேஷியோ’ என்று ஓர் எண் உண்டு. லென்ஸிலிருந்து திரைக்குள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது அது. அங்குலக் கணக்கில் சொல்லும் திரை அளவு மூலைக்கு மூலை; கணக்குக்கு வேண்டியது அகலம். 16:9 விகிதத்தில் 100 அங்குலத் திரையின் அகலம் 87 அங்குலம், உயரம் 49. 120 அங்குலத் திரைக்கு அகலம் 105, உயரம் 59.

10 அடி ஆழமுள்ள அறையை எடுத்துக்கொள்வோம். கருவியின் நீளம் ஓர் அடி, பின்னால் கேபிளுக்கும் காற்றுக்கும் அரை அடி போனால் மிஞ்சுவது எட்டரை அடி, அதாவது 102 அங்குலம். த்ரோ ரேஷியோ 1.5 என்றால் 68 அங்குல அகலம்தான் கிடைக்கும். அது 78 அங்குலத் திரை. 1.2 என்றால் 85 அங்குல அகலம், ஏறத்தாழ 97 அங்குலத் திரை. 0.5 உள்ள ஷார்ட் த்ரோ கருவி 100 அங்குலப் படத்துக்கு மூன்றடி எட்டு அங்குலம் கேட்கும். அறை ஒன்றே, எண் மாறினால் படமும் மாறுகிறது. ஜூம் இல்லாத கருவியானால் வாங்கிய பிறகு செய்ய ஒன்றுமில்லை.

லூமென்ஸ் எண்ணில் ஏமாறுவதும் கடையிலேயே நடக்கிறது. ‘10,000 லூமென்ஸ்’ என்று எழுதிய மலிவு எல்.இ.டி. கருவிகளில் அந்த எண் விளக்கின் கணக்கு; திரையில் விழும் ஒளி அதில் சிறு பங்கே. திரையில் விழும் ஒளியை அளந்து சொல்லும் ஏ.என்.எஸ்.ஐ. லூமென்ஸ் அல்லது ஐ.எஸ்.ஓ. லூமென்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் அந்தக் கருவி வேண்டாம். எவ்வளவு தேவை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. திரையரங்குகளின் அளவுகோல் 16 அடி-லாம்பர்ட். அதாவது கெயின் 1.0 திரையில் சதுர அடிக்கு 16 லூமென்ஸ். 100 அங்குலத் திரையின் பரப்பு ஏறத்தாழ 30 சதுர அடி. ஆகவே இருட்டறையில் 480 லூமென்ஸ் போதும். ஆனால் நிறம் சரியாக வரும் ‘சினிமா’ முறையில் மூன்றில் ஒரு பங்கு ஒளி குறையும், லாம்ப் தன் ஆயுளின் முடிவில் பாதி ஒளியைத்தான் தரும். இரண்டையும் சேர்த்தால் 1,500 ஏ.என்.எஸ்.ஐ. லூமென்ஸ் வாங்குவது நிதானமான முடிவு.

‘4கே சப்போர்ட்’ என்பதும் அப்படித்தான். 4கே சிக்னலை ஏற்கும் என்று மட்டுமே அதற்குப் பொருள். உள்ளே படத்தை உருவாக்கும் பேனல் 1280 × 720 பிக்ஸல் மட்டுமே ஆகவும் இருக்கலாம். ‘நேட்டிவ் ரெசொல்யூஷன்’ என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

கூரையில் துளை போடுவது

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். செய்துவிட்டால் திருப்ப முடியாத தவறு இது. பழைய வீட்டுத் தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். மரச் சட்டங்களின் மேல் செங்கலைக் குத்துவாக்கில் நிறுத்திச் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. கான்கிரீட்டுக்காகச் செய்த ஆங்கர் போல்ட் விரிந்துதான் பிடிக்கும். அது செங்கலைப் பிளக்கும், அல்லது காரையோடு கழன்று வரும். ஹாமர் டிரில்லின் அதிர்வே பக்கத்துச் செங்கற்களை அசைத்துவிடும். அடுத்த ஐப்பசி மழையில் அங்கே ஒழுகும்.

மாட்டியே தீர வேண்டுமானால் சட்டத்தில் மாட்டுங்கள். ஹாமர் முறையை அணைத்துவிட்டு, 6 மி.மீ. கோச் ஸ்க்ரூவுக்கு முதலில் 4 மி.மீ. துளை போட வேண்டும். தேக்கில் துளையில்லாமல் முறுக்கினால் மரம் வெடிக்கும், அல்லது ஸ்க்ரூ தலை முறியும். ஆனால் 14 அடி உயரக் கூரையிலிருந்து ஏழெட்டு அடிக் குழாயில் தொங்கும் கருவி மின்விசிறிக் காற்றுக்கே ஆடும். குழாயில் ஒரு மில்லிமீட்டர் அசைவு திரையில் பல மில்லிமீட்டராகத் தெரியும்.

ஆண்டுக்கு நாலைந்து முறை, படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) திருவிழாவுக்கும் குடும்பம் கூடும்போது மட்டும் படம் பார்க்கும் வீட்டுக்கு எங்கள் பரிந்துரை இரண்டடி உயர முக்காலிதான். டி.எல்.பி. (நுண்கண்ணாடிச் சில்லால் படம் வீசும் வகை) கருவிகள் பல படத்தை லென்ஸுக்கு மேலே வீசுகின்றன. இந்த ஏற்றமான ஆஃப்செட் படத்தின் உயரத்தில் 10 சதவீதம் என்றால் 100 அங்குலப் படத்தின் கீழ் விளிம்பு லென்ஸைவிட 5 அங்குலம் மேலே வரும். முக்காலியில் வைத்தால் படம் தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை அடிக்கும் ஆறரை அடிக்கும் இடையில் நிற்கும். பாயில் உட்காருபவர்களுக்கு அது சரியான உயரம். குறுக்கே நடப்பவர்களின் நிழல் விழும், உண்மைதான். கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, நடை பாதையைப் பாய்க்குப் பின்னால் விட்டால் அது குறையும்.

அதே கருவியைப் பின்சுவர் அலமாரியின் உச்சியில் நேராக வைத்தால் படம் கூரைக்குப் போகும். உயரத்தில் வைப்பதானால் தலைகீழாக மாட்டி, மெனுவில் ‘சீலிங்’ என்று மாற்ற வேண்டும்.

கீஸ்டோனை நம்பிக் கோணலாக வைப்பது

கருவி கோணலாக இருந்தால் படம் ஒரு பக்கம் விரிந்து சரிவகமாகும். கீஸ்டோன் பொத்தானை அழுத்தினால் நேராகிவிடுகிறது, அதனால் எங்கே வைத்தாலும் சரி என்று நினைக்கிறார்கள். உண்மையில் நடப்பது, கருவி தன் பிக்ஸல்களில் ஒரு பகுதியை அணைத்துவிட்டு, மிச்சத்தில் படத்தைச் சுருக்கி வரைகிறது. தமிழ் சப்டைட்டிலின் சுழிகள் மங்கும்; அணைத்த பகுதி படத்தைச் சுற்றிச் சாம்பல் நிற ஓரமாகத் தெரியும். லென்ஸை முதலில் திரையின் நடுக்கோட்டுக்கு நேராக நிறுத்துங்கள். ரசமட்டம் வைத்துத் தட்டையாக்குங்கள். கருவியை அசைக்காமல் லென்ஸை மட்டும் நகர்த்தும் லென்ஸ் ஷிஃப்ட் இருந்தால் அதைத் திருகுங்கள். அதில் தெளிவு போகாது. கீஸ்டோன் இதற்கெல்லாம் பிறகுதான்.

கருவியைப் போட்டவுடன் ஃபோகஸைச் சரிசெய்யாதீர்கள். லென்ஸ் சூடாகும்போது ஃபோகஸ் சற்று நகரும். 20 நிமிடம் ஓடட்டும்.

கரண்டும் கேபிளும்

லாம்ப் கருவியை நிறுத்திய பிறகும் ஃபேன் ஓரிரு நிமிடம் ஓடும். படம் முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைப்பதும், நடுவில் கரண்ட் போவதும் ஒரே விளைவைத் தருகின்றன: சூடு உள்ளேயே தங்கி லாம்பின் ஆயுள் குறைகிறது. 250, 300 வாட் இழுக்கும் கருவிக்கு 600 வி.ஏ. யு.பி.எஸ். முறையாக அணைத்து ஆறவிடும் அளவுக்குப் போதும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டினால் அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள், சுவிட்ச் ‘யு.பி.எஸ்.’ பக்கம் இருக்கட்டும். மற்றப் பக்கத்தில் மாறும் நேரம் கூடுதலாகிக் கருவி அணைந்துவிடும். அணைந்த லாம்பை உடனே எரியவைக்க முயலவும் கூடாது.

பழைய வயரிங்கில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளையில் எர்த் இருக்காது. செட்டாப் பாக்ஸின் உலோகத்தைத் தொட்டால் சுருக்கென்றால் அதுதான் அறிகுறி. அந்தக் கசிவு மின்சாரம் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகும் நொடியில் போர்ட்டைச் சுட்டுவிடும். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சரிசெய்யும் வரை, எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டே கேபிளைச் செருகுங்கள்.

நீளமான வீடு, நீளமான கேபிள். 4கே சிக்னலுக்குச் சாதாரணச் செம்புக் கேபிளை ஐந்து மீட்டருக்கு மேல் நம்பாதீர்கள். படம் விட்டுவிட்டு வரும், பொறிப் பொறியாகத் தெரியும். 10, 15 மீட்டருக்கு ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு; ‘சோர்ஸ்’ முனை பிளேயருக்கு, ‘டிஸ்ப்ளே’ முனை புரொஜெக்டருக்கு. பைப் வழியாக இழுக்கும் முன்பே செருகிச் சோதித்துவிடுங்கள்.

சத்தத்தைக் கூட்டுவது

கல் தரை, மெருகுச் சுவர், உயரக் கூரை எல்லாம் சேர்ந்தால் ஒரு கைதட்டல் அடங்க நேரமாகும். வசனம் புரியவில்லை என்று வால்யூமைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும். பின்சுவரில் கனமான துணி, தரையில் ஜமுக்காளம், மெத்தை, ஆட்கள் என்று மெத்தென்ற பொருளைக் கூட்டுங்கள். ஸ்பீக்கரைத் திரைக்குக் கீழே, காது உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஒலி பிந்தி, உதடும் வசனமும் ஒட்டாது, வயரே நல்லது.

பூட்டிய வீட்டில் விட்டுப்போவது

செம்மண் தூசியும் சித்திரை வெயிலும் உள்ள ஊர் இது. பல கருவிகளுக்கு இயங்கும் வெப்பநிலையின் உச்சம் 35 அல்லது 40 டிகிரி. மாடக்குழியிலோ மூடிய அலமாரியிலோ வைத்து ஓட்டினால் பாதிப் படத்தில் அணைந்துவிடும். காற்று வெளியேறும் பக்கம் ஓர் அடி இடம் விடுங்கள். படம் பார்க்கும் மாதங்களில் ஃபில்டரை மாதம் ஒருமுறை கழற்றி, வெளியே கொண்டுபோய்த் தட்டுங்கள். கருவியில் இருக்கும்போது ஊதினால் தூசி உள்ளே போய், எல்.சி.டி. கருவியில் வண்ணப் பொட்டாகத் திரையில் உட்காரும். லென்ஸை வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். முதலில் ரப்பர் ப்ளோயர், பிறகு மைக்ரோஃபைபர் துணி.

வீட்டைப் பூட்டிச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ திரும்பும்போது கருவியை மாட்டிய இடத்திலேயே விட்டுப்போவது பலரும் செய்வது. காற்றுத் துளையில் குளவி கூடு கட்டும், எறும்பு குடியேறும், ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். நன்றாக ஆறிய பிறகு மூடியைப் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றுங்கள். திரும்பி வந்ததும் சுவிட்சைப் போடும் முன் டார்ச் அடித்துத் துளைகளைப் பார்த்துவிடுங்கள்.