வாசல் நிறைய வேப்பம்பழம்: அள்ளுவது, காயவைப்பது, கரைசலாக்குவது

ஆனி பிறந்தால் வேப்பமரம் பழம் உதிர்க்கத் தொடங்கும். ஆடி முடியும்வரை ஓயாது. நன்கு வளர்ந்த மரமென்றால் ஒரு பருவத்தில் 30 முதல் 50 கிலோ வரை விழும். சிமென்ட் தரையில் வழுக்கும், ஈ மொய்க்கும், புளித்த வாடை அடிக்கும். மழை பெய்த பத்துப் பதினைந்து நாளில் பூந்தொட்டி, சந்து, சாக்கடை ஓரம் எல்லா இடத்திலும் வேப்பங்கன்று தலைகாட்டும். பழத்தின் எடையில் ஏறக்குறைய பாதி சதை. பூச்சிவிரட்டிக்கு உதவும் பருப்போ பத்தில் ஒரு பங்குதான். ஈயும் வாடையும் பூசணமும் அந்தச் சதையால் வருபவை. ஆகவே பழம் விழுந்ததும் சதையைப் பிரித்துவிடுவதில்தான் வேலையின் சூட்சுமம் இருக்கிறது. இரண்டு நாள் தள்ளிப்போட்டால் சதை புளித்துச் சூடேறும், பூசணம் ஓட்டைத் தாண்டிப் பருப்புக்குள் இறங்கும்.

அள்ளுதல்

பங்குனியில் வேப்பம்பூவுக்கு விரித்த பழைய சேலையையே ஆனியில் பழத்துக்கும் விரிக்கலாம். மண்தரையில் விழுந்ததைப் பெருக்கினால் மண்ணும் கல்லும் சேர்ந்துவரும். துணியிலோ கொசுவலையிலோ விழுந்தால் அப்படியே சுருட்டி எடுத்துவிடலாம். தார்ப்பாயை இரவெல்லாம் விரித்துப்போட வேண்டாம். மழை வந்தால் அதில் தண்ணீர் தேங்கிப் பழம் ஊறிப்போகும். வலைக்கு அந்தத் தொல்லை இல்லை.

தினமும் காலையில் ஒருமுறை அள்ளினால் போதும். மஞ்சளாகப் பழுத்ததும், பச்சை மாறி மஞ்சளுக்குத் திரும்பியதும் எடுக்க ஏற்றவை. கறுத்துச் சுருங்கியதையும் வெண்பூசணம் பூத்ததையும் தனியாக ஒதுக்குங்கள். அவற்றைக் கூடையில் சேர்த்தால் நல்லதும் கெடும். மரத்தை உலுக்கிப் பச்சைக் காயைச் சேர்ப்பதில் பயனில்லை, பருப்பு முற்றியிருக்காது.

காகமும் மைனாவும் வௌவாலும் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பியிருக்கும். பாதி வேலையை அவையே முடித்துக் கொடுத்த கணக்கு. எச்சம் பட்டிருக்கும் என்பதால் கையுறை போட்டு அள்ளிக் கழுவிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் மேலே கிளை நீண்டிருந்தால், பழம் கொட்டும்போது வெட்டாமல் மாசியில், பூ எடுப்பதற்கு முன்பே கழித்துவிடுவது நல்லது.

சதை நீக்குதல்

அள்ளிய அன்றே பழத்தை வாளித் தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் ஊறவிடுங்கள். மூங்கில் கூடையிலோ கம்பிச் சல்லடையிலோ கொட்டி, ஒரு கை மணல் தூவிப் பிசைந்தால் தோலும் சதையும் கழன்றுவிடும். பிறகு மறுபடி தண்ணீரில் போட்டு அலசவும். மிதப்பவை சொத்தை, அல்லது உள்ளே பருப்பில்லாதவை. அவற்றை நீக்கிவிட்டு அடியில் தங்கியதை மட்டும் எடுங்கள். விரலுக்கு வழுவழுப்பு தட்டாதவரை அலச வேண்டும். வழுவழுப்போடு காயவைத்தால் கொட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒட்டிய இடத்தில் பூசணம் பிடிக்கும்.

கழுவிய நீரைச் சாக்கடையில் ஊற்றினால் தோல் போய் அடைத்துக்கொள்ளும். மரத்தூரிலோ மட்குழியிலோ ஊற்றுங்கள். சதையும் தோலும் நன்றாக மட்கும். ஈ வராமலிருக்க மேலே மண்ணோ காய்ந்த சருகோ மூடவேண்டும். முழுப் பழத்தை மட்குழியில் கொட்டினால் குழியெல்லாம் முளைத்துவிடும்.

காயவைத்தல்

முற்றத்து வெயிலில் கொட்டிக் காயவைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. விற்கவோ எண்ணெய் ஆட்டவோ அது சரியாக இருக்கலாம்; செடிக்குத் தெளிக்கும் பூச்சிவிரட்டிக் கரைசலுக்கு வேண்டாம். பூச்சியை விரட்டும் அசாடிராக்டின் வெயிலிலும் சூட்டிலும் சிதையும். காற்றோட்டமான நிழலில், கோணிச் சாக்கின்மேல் ஒரே அடுக்காகப் பரப்பி, நாளுக்கு இரண்டு தடவை கிளறிவிடுங்கள். ஐந்து முதல் ஏழு நாளில் காய்ந்துவிடும், மழைநாளில் இன்னும் சில நாள் கூடும். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும். ஒன்றிரண்டை உடைத்துப் பாருங்கள்: பச்சையோ இளம்பழுப்போ இருந்தால் நல்லது, கறுப்பு என்றால் பூசணம் உள்ளே போய்விட்டது.

பிளாஸ்டிக் பையிலும் மூடிய டப்பாவிலும் அடைக்கக் கூடாது. மிச்ச ஈரம் வெளியேற வழியில்லாமல் வேர்த்து, ஒரே வாரத்தில் முழுப் பையும் வீணாகும். கோணியிலோ துணிப்பையிலோ கட்டி, தரையில் படாமல் பலகைமேல் வைக்கவும். உடைக்காமல் ஓட்டோடு வைத்தால் பருப்பு அதிக நாள் தாங்கும்.

கன்று போடுவதென்றால் இத்தனை நாள் காக்கக் கூடாது. வேப்பங்கொட்டையின் முளைப்புத்திறன் இரண்டு மூன்று வாரத்தில் வேகமாகக் குறையும். சதை நீக்கிய வாரத்திலேயே ஊன்றிவிட வேண்டும்.

ஐந்து சதவீதக் கரைசல்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் அளவு, 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு. மாடித்தோட்டத்துக்கு 10 லிட்டர் போதுமென்றால் அரைக் கிலோ. பருப்பு சேமித்து மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும், எட்டு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆடியில் காயவைத்தது ஐப்பசியிலிருந்து பங்குனிவரை கைகொடுக்கும்.

கொட்டையை அம்மியில் லேசாகத் தட்டி முறத்தில் புடைத்தால் ஓடு பிரியும். பருப்பை உரலில் போட்டுக் கரகரப்பாக இடியுங்கள். மாவாக இடித்தால் எண்ணெய் கக்கிக் கட்டியாகும், வடிகட்டும் துணியும் தெளிப்பான் மூக்கும் அடைத்துக்கொள்ளும். மிக்சியில் அரைப்பவர்கள் அதற்கென்று ஒரு பழைய ஜாரை ஒதுக்கிவிட வேண்டும், அந்தக் கசப்பு பிறகு எந்தச் சட்னியையும் விடாது. ஓடு நீக்கச் சோம்பல்பட்டு அப்படியே இடிப்பதென்றால் எடை இரண்டு மடங்குக்குக் குறையாமல் வேண்டும்.

இடித்ததைத் துணியில் மூட்டையாகக் கட்டி, இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போடுங்கள். மறுநாள் மூட்டையை அதே தண்ணீரில் முக்கி முக்கிப் பிழியவும். முதலில் பால்போல் வெள்ளையாக வரும். வெளிறித் தெளியும்வரை பிழிந்து, இரட்டைத் துணியில் வடித்து, 10 லிட்டருக்குத் தண்ணீர் சேர்க்கவும். தெளிப்பதற்குச் சற்றுமுன் 20 கிராம் காதி சோப்பைத் தனியாகக் கரைத்து ஊற்றிக் கலக்குங்கள். சோப்பு இல்லாவிட்டால் கரைசல் இலையில் நிற்காமல் முத்து முத்தாக உருண்டோடும். அதை முன்கூட்டியே போட்டு வைப்பதும் தவறு, காரத்தன்மை கூடக்கூட அசாடிராக்டின் சிதையும். அதே காரணத்தால் உப்புக்கரிக்கும் போர்த்தண்ணீரைவிட மழைத்தண்ணீர் மேல்.

சாயங்காலம், வெயில் தாழ்ந்து தேனீக்கள் கூடடைந்தபின் தெளியுங்கள். அசுவினியும் மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் இலையின் அடிப்பக்கம் இருப்பதால் அங்கே படவேண்டும். மறுநாள் காலையில் பூச்சி செத்துக் கிடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இது தின்னவிடாமலும் தோலுரிக்கவிடாமலும் முட்டையிடவிடாமலும் தடுக்கும்; பலன் தெரிய மூன்று முதல் ஏழு நாள் ஆகும். முற்றிய புழுவிடம் அவ்வளவாக எடுபடாது, ஆகவே குஞ்சாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். வாரத்துக்கொரு தடவை திரும்பத் தெளிக்கலாம், மழை பெய்தால் மறுபடியும். முதல் தடவை ஒரு செடியில் மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்கள், இளந்தளிர் கருகினால் தண்ணீர் கூட்டவும். மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு எடுத்துவைக்க முடியாது. மீன் வளர்க்கும் தொட்டியிலும் குளத்திலும் கொட்டக் கூடாது, மீனுக்கு ஆகாது. பிழிந்த சக்கையைத் தொட்டி மண்ணில் கிளறிவிடலாம்.

வீட்டில் ஆட்டிய வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைக்குச் சங்கில் புகட்டும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. குழந்தைகளுக்கு வாந்தியும் வலிப்பும் வந்து உயிருக்கே ஆபத்தானது மருத்துவப் பதிவுகளில் உண்டு. எவ்வளவு குறைவாக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

முளைத்த கன்றுகள்

இரண்டு இலை விட்டதும் ஈர மண்ணில் பிடுங்கினால் வேரோடு வரும். ஒரு மாதம் விட்டால் ஆணிவேர் இறங்கிவிடும், பிறகு மேலே ஒடித்தாலும் தூரிலிருந்து தழைக்கும். சுவர் விரிசலிலும் மொட்டைமாடி வடிகுழாய் வாயிலும் முளைத்ததை முதலில் கவனியுங்கள். தரையில் நிற்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பங்குனி முடிந்தும் கோணியில் மீதமிருக்கும் கொட்டை கரைசலுக்கு உதவாது. ஓட்டோடு இடித்து, கத்தரி, தக்காளி நடும் குழிகளில் குழிக்கொரு கைப்பிடியாகப் போட்டு மண்ணோடு கலந்துவிட்டு, கோணியை உதறி வெயிலில் காயப்போடுங்கள்.