தொட்டபெட்டா ஏறும்போது மூச்சு வாங்கினால்

ஊட்டி மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் பந்து மாதிரி உப்பிவிடும், பார்த்திருப்பீர்கள். வெளியே காற்றழுத்தம் குறைவதுதான் காரணம். 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டாவில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குகூட இல்லை.

நுரையீரல் தானாகக் காற்றை இழுக்காது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கி விலா விரியும்போது உள்ளே அழுத்தம் வெறும் 1 மில்லிமீட்டர் பாதரச அளவு குறைகிறது, அதற்கே அரை லிட்டர் காற்று வந்துவிடும்!

அதனால் தோளைத் தூக்கி மூச்சு வாங்காதீர்கள். நின்று, தொப்புளுக்கு மேலே கையை வையுங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு கையைத் தள்ளினால் சரி. அப்புறம் சூடான டீயை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் மெல்ல விடுங்கள், அந்த எதிரழுத்தம் சின்னக் காற்றுக்குழாய்கள் மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். உட்கார்ந்தும் திணறல் அடங்காவிட்டால் உடனே கீழே இறங்கி டாக்டரைப் பாருங்கள்.