தக்காளிக்குத் தண்ணீரைக் குறைக்க ஒரு நேரம் இருக்கிறது

தண்ணீரைக் குறைத்தால் தக்காளி இனிக்கும், நன்றாகச் சிவக்கும் என்று கேள்விப்பட்டு, நட்டதிலிருந்தே செடியைக் காயப்போடுகிறார்கள். பார்க்கவே எனக்கு மனசு பொறுக்காது. குறைக்கலாம், ஆனால் காய் வளர்ந்து முடிந்த பிறகுதான்.

பூக்கும்போது ஈரம் போனால் பூ உதிரும். பிஞ்சு பெருக்கும்போது போனால் காயின் அடி கறுத்து உள்ளே அமுங்கும். கால்சியம் தண்ணீரோடு சேர்ந்துதான் காய்க்குள் போகிறது. நீரோட்டம் தடைப்பட்டால் மண்ணில் எவ்வளவு இருந்தும் பயனில்லை. மேல்மண்ணை நம்பாமல் விரலை முழுதாக உள்ளே விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் குறையத் தொடங்கினாலே ஊற்றிவிடுங்கள்.

காய் முழு அளவுக்கு வந்து, பச்சை வெளுத்து, அடியில் லேசாகச் சிவப்புத் தட்டும். நான் காத்திருப்பது அதற்குத்தான். வழக்கமாக விடும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை அப்போது குறைப்பேன். ஒரே சமயத்தில் காய்த்து ஓயும் குட்டை ரகத்துக்கு இது தாராளமாகப் பொருந்தும். கொடிபோல் ஏறிக்கொண்டே போகும் ரகத்தில் கீழே பழம் இருக்க மேலே பூ இருக்கும். அதற்கு இதைவிடக் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். உச்சிவெயிலில் இலை தொங்கினால் பயமில்லை. விடிந்த பிறகும் தொங்கினால் உடனே தண்ணீர் வேண்டும்.

பழத்தில் சுமார் 95 சதவீதம் தண்ணீர்தான். வேர் லேசாகக் காய்ந்தால் பழத்துக்கு வரும் நீர் குறையும். இலை அனுப்பும் சர்க்கரை அந்த அளவுக்குக் குறையாது. அதனால் இனிப்பும் புளிப்பும் சேர்ந்தே அடர்த்தியாகும். பழம் சிறுக்கும், மொத்த எடையும் குறையும். வீட்டுச் சமையலுக்கு வளர்ப்பவருக்கு அந்த இழப்பு தகும் என்பேன். எடைக்கு விற்பவர் யோசிக்கத்தான் வேண்டும்.

நிறம் இவ்வளவு நேரடியானது அல்ல. சிவப்பைத் தருவது லைகோபீன். காய்ந்த செடியில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுவதால் பழம் சீக்கிரம் நிறம் மாறுவதுண்டு. ஆனால் ஆழ்ந்த சிவப்பாகத் தெரிவதில் ஒரு பகுதி, சிறிய பழத்தில் நிறமி நெருங்கி இருப்பதால் வருவது. ரகத்துக்கு ரகம் இது மாறும். சிலவற்றில் நிறம் கூடுவதே இல்லை.

இதில் பலர் கவனிக்காதது வெப்பம். லைகோபீன் நன்றாக உருவாவது 20 முதல் 25 டிகிரி செல்சியஸில். 30-ஐத் தாண்டிவிட்டால் அது தடைப்படும், ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டின் மட்டும் தொடர்ந்து உருவாகும். தண்ணீர் இல்லாமல் இலை சுருண்டால் பழத்தின் மேல் நேர்வெயில் விழும். காம்புப் பக்கம் மஞ்சளாகவே நின்றுவிடும், வெயில்பட்ட தோல் வெளுத்துக் காகிதம்போல் ஆகும். ஆகவே தண்ணீரைக் குறைக்கும் நாட்களில் ஓர் இலையைக்கூடக் கிள்ளாதீர்கள். மண்ணை வைக்கோல், சருகு கொண்டு மூடி மூடாக்குப் போடுங்கள். கடும் வெயில் காலத்தில் செங்காயாகவே பறித்து நிழலில் பழுக்க வைத்தால் நிறம் நன்றாக வரும். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், அங்கே சிவக்காது.

நெல்லுக்குச் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் பாய்ச்சுவது, இங்கே உதவாது. காய்ந்த செடிக்கு ஒரேயடியாகத் தண்ணீர் விட்டால் பழம் ஊதும், தோல் ஈடுகொடுக்காமல் வெடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை ஊற்றுங்கள். மழை வரும்போல் இருந்தால், நிறம் திரும்பிய பழங்களை அதற்குமுன் பறித்துவிடுங்கள்.