பாய்லர் உலை கொதிக்கிற மாதிரி இரைகிறதா? ஆளைக் கூப்பிடுமுன் நீங்களே பார்க்கக்கூடியவை

காலை ஆறரைக்கு ஹீட்டிங் ஆன் ஆகும். பத்து நிமிடம் பாய்லர் சமர்த்தாக இருக்கும். பிறகு மெல்ல 'உஸ்ஸ்' என்று ஆரம்பித்து, உலை கொதிக்கும்போது பானை மூடி ஆடுமே, அப்படி ஒரு கடகடப்பு. கிழக்கு லண்டனில் எங்கள் வீட்டில் போன குளிர்காலம் முழுக்க இதுதான் சுப்ரபாதம். காரணத்தைக் கண்டுபிடித்தபோது குற்றவாளி நான்தான் என்று தெரிந்தது. அந்தக் கதை மூன்றாவது படியில்.

இங்கிலாந்து வீடுகளில் வழக்கமாக இருக்கும் காம்பி பாய்லருக்காக இதை எழுதுகிறேன். அதாவது தனியாக வெந்நீர்த் தொட்டி இல்லாத வகை.

முதலில் ஒன்று. கேஸ் வாடை அடித்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து, மீட்டர் பக்கத்து வால்வை மூடிவிட்டு, வெளியே வந்து 0800 111 999க்கு அழையுங்கள். பற்றும்போது 'டமால்' என்று சத்தம் வந்தாலோ, பாய்லரைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலோ பாய்லரை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தால் பாய்லரை அணைத்து, ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்துவிட்டு அதே எண்ணுக்கு அழையுங்கள். பாய்லரின் முன்மூடியை எந்தக் காரணத்துக்காகவும் கழற்ற வேண்டாம். அது நம் வேலை இல்லை.

படி 1: எப்போது சத்தம் வருகிறது?

ஹீட்டிங்கை அணைத்துவிட்டு வெந்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து ஐந்து நிமிடம் கேளுங்கள். பிறகு குழாயை மூடி, ஹீட்டிங்கை மட்டும் போட்டுக் கேளுங்கள். இரண்டையும் போனில் பதிவு செய்யுங்கள். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போகும் குழந்தை மாதிரி, இன்ஜினியர் வந்து நின்றதும் பாய்லர் வாயே திறக்காது.

குழாய் திறந்தால் மட்டும் இரைச்சல் என்றால், குழாய்த் தண்ணீரைச் சூடாக்கும் தகட்டுப் பகுதியான பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் சுண்ணாம்பு படிந்திருக்க வாய்ப்பு அதிகம். லண்டன் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்கள் கெட்டிலின் அடியைப் பார்த்தாலே தெரியும். ஹீட்டிங்கில் மட்டும் என்றால் ரேடியேட்டர் சுற்றில்தான் கோளாறு: காற்று, சேறு, அல்லது பம்ப். ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் போட்டால் பம்பைச் சந்தேகியுங்கள். எனக்கு ஹீட்டிங்கில் மட்டும்தான் வந்தது.

படி 2: காற்றை வெளியேற்றுங்கள்

ஹீட்டிங்கை அணைத்து ரேடியேட்டர் ஆறட்டும். கீழ்த்தளத்தில் தொடங்கி மேலே போங்கள். ரேடியேட்டரின் மேல்முனையில் இருக்கும் சின்ன வால்வில் அதற்கான சாவியைப் போட்டுக் கால் சுற்றுத் திருப்பினால் 'ஸ்ஸ்' என்று காற்று வரும், தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடுங்கள். சாவி பித்தளையில் வாங்குங்கள், மட்டமான உலோகம் என்றால் மூலை மழுங்கிவிடும். கீழே பழைய துணி அவசியம். வருகிற தண்ணீர் கறுப்பாக இருக்கும், கம்பளத்தில் பட்டால் போகவே போகாது.

படி 3: பிரஷர். நான் வழுக்கி விழுந்த இடம்

காற்று போனதும் ரேடியேட்டர் சுற்றிலுள்ள தண்ணீரின் பிரஷர் இறங்கும். பாய்லர் ஆறியிருக்கும்போது பாய்லரின் பிரஷர் முள் 1க்கும் 1.5 பாருக்கும் (பார் என்பது பிரஷரின் அளவு) நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால், பெரும்பாலும் பாய்லருக்கு அடியில் இருக்கும் வெள்ளிப் பின்னல் குழாய் வழியாக நிரப்ப வேண்டும். வால்வின் கைப்பிடி குழாயோடு ஒட்டி நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது. மெதுவாகத் திறவுங்கள், முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

நான் எடுத்தேன். இரண்டு வால்வையும் முழுதாகத் திறந்த நேரம் ஊரிலிருந்து அம்மா போன். 'சாப்பிட்டியாப்பா' முடிந்து திரும்பிப் பார்த்தால் முள் 3ஐத் தொட்டுவிட்டது, வெளிச்சுவரில் செப்புக் குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. அவசரமாக மூடினேன், முள்ளும் இறங்கியது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அந்தக் குழாய் பாதுகாப்பு வால்வுடையது. ஒரு தரம் திறந்தால் உள்ளே சேறோ துகளோ சிக்கி, அதன் பிறகு சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருக்கலாம். எனக்கு அதுதான் நடந்தது. வாரம் ஒரு தடவை பிரஷர் 1க்குக் கீழே போகும். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி நிரப்பிவிடுவேன். நாலு மாதம்.

ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீரோடு ஆக்சிஜனும் சுண்ணாம்பும் உள்ளே போயின. ஆக்சிஜன் ரேடியேட்டரை உள்ளே துருப்பிடிக்க வைத்துக் கறுப்புச் சேறாக்கும். சுண்ணாம்பும் சேறும், தீ நேரடியாகச் சூடாக்கும் முதன்மை ஹீட் எக்ஸ்சேஞ்சரில் படியும். படிந்த இடத்தில் தண்ணீர் ஓட்டம் குறைந்து, அங்கே மட்டும் சூடு ஏறிக் கொதிக்கும். அந்தக் குமிழிகள் உடைகிற சத்தம்தான் எங்கள் வீட்டு உலை. இங்கே இதற்கு கெட்லிங் என்று பெயர்.

சோதிப்பது சுலபம். ஹீட்டிங் ஆறியிருக்கும்போது, வெளிச்சுவரின் அந்தக் குழாய் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையை ரப்பர் பேண்டால் கட்டிவிட்டுத் தூங்குங்கள். காலையில் எனக்கு அரை டம்ளர் தண்ணீர் இருந்தது. பை காய்ந்திருந்தும் பிரஷர் இறங்கினால், ரேடியேட்டர் வால்வுகளின் அடியில் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். ஹீட்டிங் போட்டதும் முள் 3 வரை ஏறி, ஆறியதும் அடியில் விழுந்தால் எக்ஸ்பான்ஷன் வெசலில் (தண்ணீர் சூடாகி விரிவதற்கு இடம் தரும் சின்னக் கலனில்) கோளாறு இருக்கலாம். அதை இன்ஜினியர்தான் பார்க்க வேண்டும்.

படி 4: சரியான ஆள்

கேஸ் வேலைக்குப் பதிவு பெற்றவர்களின் பட்டியலான கேஸ் சேஃப் ரெஜிஸ்டர் தளத்தில் போஸ்ட்கோடு போட்டுத் தேடுங்கள். (2009 வரை இதற்குப் பதில் கோர்ஜி என்ற பதிவேடு இருந்தது. பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள்.) வந்தவரிடம் அட்டையைக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். முன்பக்கம் காலாவதித் தேதி, பின்பக்கம் அவர் எந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது இருக்கும்.

எனக்கு முதலில் வந்தவர் மூடியைக்கூடத் திறக்காமல் 'பழசு, மாத்திடுங்க' என்றார். இரண்டாமவரிடம் போனிலேயே பாய்லர் மாடல், ஹீட்டிங்கில் மட்டும் சத்தம், வாராவாரம் நிரப்புகிறேன், பையில் தண்ணீர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வால்வைக் கையோடு கொண்டுவந்தார். வால்வை மாற்றி, கழுவும் ரசாயனம் ஊற்றி ஒரு வாரம் ஓடவிட்டு, வடித்து, துருத் தடுப்பான் சேர்த்து, திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி போட்டார். இரைச்சல் ஒரே நாளில் போகவில்லை, பத்து நாளில் அடங்கியது. எடுத்தவுடன் பவர் ஃப்ளஷ் (இயந்திரத்தால் வேகமாகத் தண்ணீர் செலுத்திக் கழுவுவது) வேண்டாம் என்பது என் கட்சி. காந்த வடிகட்டிக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். முதல் தடவை திறந்தபோது காந்தத்தில் கறுப்புச் சேறு மை மாதிரி ஒட்டியிருந்தது.

சர்வீஸ் என்றால் புகையை அளக்கும் கருவி அவர் பையிலிருந்து வெளியே வர வேண்டும். வேக்குவம் போட்டுவிட்டுக் கிளம்பினால் அது சர்வீஸ் இல்லை.

ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர்ச் சூட்டை 75லிருந்து 60 டிகிரிக்கு இறக்கினேன். சத்தமும் குறைந்தது, கேஸ் செலவும் குறைந்தது. வெந்நீர்த் தொட்டி உள்ள வீடுகளில் மட்டும் இன்ஜினியரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள், தொட்டித் தண்ணீரில் கிருமி வளரலாம்.

சேர்க்கை: உறைபனி நாளில் 'களகள' என்று சத்தம் வந்து பாய்லர் நின்றுவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். வெளியே போகும் பிளாஸ்டிக் கழிவுக் குழாய் உறைந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பாய்லரை ரீசெட் செய்யுங்கள். கொதிநீர் ஊற்றினால் குழாய் விரிசல் விடலாம்.

இன்னொரு சேர்க்கை: வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதில் எதற்கும் காசு கொடுக்காதீர்கள், வீட்டுக்காரருக்கு எழுதிப் போடுங்கள். வருஷா வருஷம் கேஸ் பாதுகாப்புச் சோதனை செய்வது அவர் சட்டப்படியான கடமை. ஆனால் அந்தச் சான்றிதழைக் காட்டி 'சர்வீஸ் ஆச்சே' என்பார்கள். சோதனை வேறு, சர்வீஸ் வேறு. கடைசியாக சர்வீஸ் செய்த தேதியைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.